சினை ஆட்டின் மயக்கமும் கருக்குட்டியின் மூச்சும்

செம்மறி ஆடு சினையுற்ற நாளிலிருந்து ஏறத்தாழ 147 நாட்களில் குட்டி ஈனுகிறது. ஈன்ற ஒரு நிமிடத்திற்குள் குட்டி தும்மித் தலையை உதறி முதல் மூச்சை இழுக்கிறது. அரை மணிக்குள் எழுந்து நின்று மடியைத் தேடுகிறது. ஆட்டுப்பட்டிகளில் இக்காட்சியைப் பலமுறை கண்ட கால்நடைப் பணியாளர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் தோன்றாமலிருக்கலாம். ஆனால் முந்திய நாள் வரையில் நீரினுள் மிதந்துகொண்டிருந்த உயிர், காற்றில் வாழும் வித்தையை எங்கே கற்றது? கருப்பையினுள் இருந்தபோது அதன் மார்பு அசைந்ததா, அசையாமல் இருந்ததா? அதன் இரத்தத்தில் பிராணவாயு போதிய அளவு இருந்ததா, அல்லது அது மூச்சுத் திணறலின் விளிம்பிலேயே நாட்களைக் கழித்ததா?

இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமானால் கருக்குட்டியை அணுக வேண்டும். அதனை அணுகத் தாயின் வயிற்றைத் திறக்க வேண்டும். வயிற்றைத் திறக்கத் தாயை மயக்கத்தில் ஆழ்த்த வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தாய்க்குக் கொடுக்கும் மருந்து தாயோடு நின்றுவிடுவதில்லை. அது நஞ்சுக்கொடியைக் கடந்து குட்டியின் மூளையையும் இதயத்தையும் சென்று அடைகிறது. எதைக் காண்பதற்காக வயிறு திறக்கப்பட்டதோ, அதனையே அம்மருந்து மாற்றிவிடுகிறது. பிறப்பிற்கு முந்திய உயிரியலின் வரலாற்றில் பல பத்தாண்டுகள் இந்த ஒரு சிக்கலோடு போராடுவதிலேயே கழிந்தன.

அறுவை மருத்துவர் ஒருவர் ஆட்டின் வயிற்றைத் திறந்து குட்டியை எடுக்க ஒரு மணி நேரம் போதும். ஆராய்ச்சியாளருக்கு அது போதாது. நுண்ணிய குழாய்களைக் கருக்குட்டியின் நாளங்களில் செருக வேண்டும். இரத்த அழுத்தம் ஒரு நிலைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். மருந்து கொடுக்குமுன் ஓர் அளவு, கொடுத்தபின் பல அளவுகள் எடுக்க வேண்டும். இவ்வாறு மயக்கம் ஆறு மணி, எட்டு மணி, சில வேளைகளில் அதற்கு மேலும் நீள்கிறது. மேசையின்மீது கிடப்பது ஓர் உயிர் அன்று. இரண்டு, இரட்டைக் குட்டியானால் மூன்று.

ஏன் செம்மறி ஆடு?

எலியும் முயலும் எளிதிற் கிடைப்பவையாயிருக்க, ஆராய்ச்சியாளர்கள் செம்மறி ஆட்டைத் தேர்ந்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. சினையின் கடைசிக் கட்டத்தில் செம்மறியின் கருக்குட்டி மூன்று நான்கு கிலோ எடை இருக்கும். அது மனிதக் குழந்தையின் எடைக்கு நெருங்கியது. எனவே, குழந்தைக்குப் பயன்படும் கருவிகளையே அதற்கும் பயன்படுத்தலாம். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு குட்டிகளே இருக்கும். இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: செம்மறியின் கருப்பை பொறுமை மிக்கது. அதனைக் கீறித் திறந்து, குட்டியைத் தொட்டுக் குழாய் செருகி, மீண்டும் தைத்து மூடினாலும், பெரும்பாலும் சினை கலைவதில்லை. குரங்குகளிடம் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

ஆயினும் ஆடு மனிதனன்று என்பதை மறத்தலாகாது. மனிதரின் நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தம் கருவின் திசுவை நேரடியாகத் தொட்டு ஓடுகிறது. ஆட்டிலோ கருப்பையின் உட்சுவரில் பல பத்துக் கணக்கான குமிழ்கள் உள்ளன. ஒவ்வொரு குமிழிலும் தாயின் திசுவும் குட்டியின் திசுவும் விரலோடு விரல் கோத்தாற்போலப் பொருந்தியிருக்கின்றன. இரு இரத்தங்களுக்குமிடையே உள்ள திரை ஆட்டில் சற்றுத் தடித்தது. ஆட்டில் கண்டதை அப்படியே தாய்மார்களுக்குப் பொருத்தியவர்கள் சில இடங்களில் இடறியதுண்டு. அது பின்னர்க் கூறப்படும்.

பார்கிராப்டின் ஆடுகள்

1927ஆம் ஆண்டில் ஹக்கெட் என்னும் ஆங்கில உடலியலறிஞர் வெள்ளாட்டின் கருக்குட்டியினது இரத்தத்திலுள்ள வாயுக்களை அளந்து வெளியிட்டார். அதன் பின்னர் கேம்பிரிட்ஜில் சர் ஜோசப் பார்கிராப்ட் இத்துறையில் இறங்கினார். பார்கிராப்ட் ஏற்கனவே இரத்தமும் பிராணவாயுவும் பற்றிய ஆராய்ச்சியிற் பெயர் பெற்றவர். மலையுச்சிகளில் மனிதன் எவ்வாறு மூச்சுவிடுகிறான் என்று ஆராய 1921-22இல் பெரு நாட்டின் செரோ டி பாஸ்கோவிற்குச் சென்று வந்தவர். அத்தகையவர் கருப்பையினுள் இருக்கும் குட்டியைக் கண்டபோது, அதுவும் ஒரு மலையேறியின் நிலையில் இருப்பதாக எண்ணியதில் வியப்பில்லை. கருக்குட்டியின் இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அழுத்தம் 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவே; நமது தமனிகளில் அது நூற்றை ஒட்டியிருக்கும்.

பார்கிராப்ட் தம் ஆடுகளுக்கு முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி உடலின் பின்பாதியை மரத்துப்போகச் செய்தார். ஆட்டை வெதுவெதுப்பான உப்புநீர்த் தொட்டியில் அமர்த்தி, கருப்பையைத் திறந்து, குட்டியைத் தொப்புள்கொடி அறாதபடி நீரினுள்ளேயே வெளிக்கொணர்ந்தார். குட்டி காற்றைத் தொடாதவரை மூச்சுவிட முயலாது என்பது கருத்து. அக்காலத்தில் இதனினும் மென்மையான முறை ஒன்று இருந்ததாகக் கூற இயலாது. இவ்வாறு பல ஆண்டுகள் செய்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1946ஆம் ஆண்டில் அவர் ஒரு பெருநூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு காலமானார்.

அவர் கண்ட முடிவுகளில் ஒன்று பலரையும் கலங்கச் செய்தது. ஈனும் நாள் நெருங்க நெருங்கக் கருக்குட்டியின் இரத்தத்தில் பிராணவாயு குறைந்துகொண்டே வருகிறது என்பதே அது. வளரும் குட்டியின் தேவையை நஞ்சுக்கொடி ஈடு செய்ய முடியாமற் போகிறது என்றும், பிறப்பு என்பது மூச்சுத்திணறலினின்று தப்பிச் செல்லும் வழியே என்றும் பொருள்கொள்ள அது இடந்தந்தது.

பார்கிராப்டோடு பணிபுரிந்த டொனால்ட் பேரன் என்பவர் பின்னர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். அவரும் மெஸ்கியா முதலிய உடன் உழைத்தோரும் ஒரு புதிய வழியைக் கையாண்டனர். மயக்கத்திலிருக்கும் ஆட்டின் கருக்குட்டியிலும் தொப்புள்கொடியிலும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களைச் செருகி, கருப்பையையும் வயிற்றையும் தைத்து, குழாய்களின் நுனிகளை ஆட்டின் விலாப்புறத்தின் வழியே வெளிக்கொணர்ந்தனர். மயக்கம் தெளிந்து, ஆடு எழுந்து, தீவனம் தின்று, அசைபோடத் தொடங்கிய பின்னரே, நாட்கள் கழித்து, இரத்தம் எடுத்தனர். 1965ஆம் ஆண்டில் வெளியான அவ்வளவுகள் பழைய முடிவைக் கவிழ்த்தன. தெளிந்த நிலையில் நிற்கும் ஆட்டின் வயிற்றிலுள்ள குட்டிக்கு, ஈனும் நாள் நெருங்கியபோதும், பிராணவாயு அப்படியொன்றும் சரிந்துவிடவில்லை. முன்னர்க் கண்ட சரிவில் பெரும்பகுதி அறுவையும் மயக்கமும் குட்டியைக் கையாண்டதும் விளைத்ததேயாகும். பார்கிராப்ட் பிழையாக அளந்தார் என்பதன்று. அவர் சரியாகவே அளந்தார். அளக்கப்பட்ட குட்டிதான் இயல்பான குட்டியாக இல்லை.

இதனினும் சுவையானது மூச்சின் கதை. மயங்கிய ஆட்டின் கருக்குட்டி பெரும்பாலும் மார்பை அசைக்காமற் கிடந்தது. எனவே, கருப்பையில் மூச்சசைவு இல்லை, பிறந்த கணத்தில்தான் அது முதன்முறையாகத் தொடங்குகிறது என்னும் கொள்கை நெடுங்காலம் நிலவிற்று. ஆக்ஸ்போர்டில் நப்ஃபீல்டு நிலையத்தின் தலைவராயிருந்த ஜெப்ரி டாஸ் குழுவினர், குழாய் பொருத்தித் தெளியவிட்ட ஆடுகளில் இதனை மீண்டும் ஆராய்ந்தனர். அவர்கள் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி இது: சினையின் பிற்பகுதியில் கருக்குட்டி, கண்கள் விரைந்து அசையும் ஒருவகை உறக்கத்தின்போது, மார்பையும் உதரவிதானத்தையும் அசைத்து மூச்சுப் பயிற்சி செய்கிறது, மொத்த நேரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு வரை இவ்வசைவு நிகழ்கிறது. மயக்க மருந்து தாயை உறங்கச் செய்ததோடு குட்டியின் மூச்சசைவையும் அடக்கிவிட்டது. ஆராய்ச்சியாளர் அந்த அடக்கத்தையே இயற்கை என்று எண்ணிவிட்டனர். இன்று கருவுற்ற பெண்களுக்கு ஒலியலைக் கருவியால் செய்யும் சோதனையில் குழந்தையின் மூச்சசைவும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவ்வழக்கத்தின் வேர் இந்த ஆடுகளில் இருக்கிறது.

நீண்ட மயக்கத்தில் நிகழ்வது

குழாய் பொருத்தித் தெளியவிடும் முறை வந்துவிட்டதால் நீண்ட மயக்கம் தேவையற்றுப் போய்விடவில்லை. குழாய் பொருத்துவதற்கே சில மணி நேரம் ஆகும். கருவின்மேல் செய்யும் நுட்பமான அறுவைகளை மயக்கத்தில்தான் செய்ய முடியும். ஆடு விழித்தெழாமலே முடியும் சோதனைகளும் உண்டு. ஆகவே, மயக்கத்தின் உள்ளமைப்பை அறிந்துகொள்வது நன்று.

முதலாவது இடர் வயிறு. அசைபோடும் விலங்கின் முதல் வயிறு இடையறாது புளித்துக்கொண்டிருக்கும் ஒரு பெருந்தாழி போன்றது. விழித்திருக்கும் ஆடு ஏப்பமிட்டு வாயுவை வெளியேற்றுகிறது. மயங்கிய ஆடு ஏப்பமிடாது. வாயு சேர்ந்து வயிறு உப்பி, உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரலை ஒடுக்குகிறது. அத்துடன் நாளொன்றுக்குப் பத்து லிட்டர் அளவிற்கு ஊறும் உமிழ்நீரை மயங்கிய ஆடு விழுங்குவதில்லை. உமிழ்நீரோ, வயிற்றிலிருந்து எதுக்களிக்கும் தீவனநீரோ மூச்சுக்குழாயினுள் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகும். இதனைத் தடுக்க, காற்றடைத்த வளையமுள்ள குழாயை மூச்சுக்குழாயினுள் செருகுகின்றனர். மற்றொரு பருத்த குழாயை வயிற்றினுள் இறக்கி வாயுவும் நீரும் வெளியேற வழி செய்கின்றனர். தலையை வாய் தாழ்ந்திருக்குமாறு வைக்கின்றனர். மனிதருக்கும் நாய்க்கும் உமிழ்நீரைக் குறைக்கக் கொடுக்கும் அட்ரோபின் இங்கே அவ்வளவாகப் பயன்படாது. அது உமிழ்நீரை நிறுத்துவதற்குப் பதிலாகக் கெட்டியாக்குகிறது.

வயிற்றைக் காலி செய்யப் பட்டினி போடலாமே எனில், சினை ஆட்டிடம் அதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண ஆட்டிற்கு முந்திய நாளிலிருந்தே தீவனத்தை நிறுத்துவர். சினை முற்றிய ஆடு, அதிலும் இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு, நெடுநேரம் பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து கீட்டோன் பொருள்கள் பெருகும். கிராமங்களில் ஈனுவதற்குச் சில நாட்களுக்கு முன் ஆடு தள்ளாடிப் படுத்துவிடும் நோயைக் கண்டவர்கள் இதனை அறிவர். கருக்குட்டிக்குத் தாயின் சர்க்கரையே முதல் உணவு. எனவே பட்டினியின் காலத்தைச் சுருக்குவதும், மயக்கத்தின்போது இரத்தத்தில் சர்க்கரையை அடிக்கடி அளந்து வேண்டியபோது செலுத்துவதும் வழக்கம்.

இரண்டாவது, கிடக்கும் நிலை. வயிற்றைத் திறக்க ஆட்டை மல்லாத்த வேண்டும். எந்த நாற்கால் விலங்கும் தானாக அவ்வாறு படுப்பதில்லை. மல்லாந்த நிலையில் கருப்பையும் தீவனம் நிறைந்த வயிறும் முதுகெலும்பை ஒட்டியோடும் பெருஞ்சிரையை அழுத்துகின்றன; இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது; இரத்த அழுத்தம் தாழ்கிறது. மேசையைச் சற்றே ஒருபுறம் சாய்ப்பதால் இந்த அழுத்தம் குறையும். எளிய செயல்தான், ஆனால் பல மணி நேரச் சோதனையில் குட்டி பிழைப்பதும் பிழையாததும் இதனாலேயே முடிவாகலாம்.

அழுத்தம் தாழ்வது ஏன் அவ்வளவு அஞ்சத்தக்கது? மூளைக்கும் சிறுநீரகத்திற்கும் ஓர் அமைப்பு உண்டு. இரத்த அழுத்தம் ஓரளவு தாழ்ந்தாலும் அவற்றின் நாளங்கள் விரிந்து ஓட்டத்தைக் காத்துக்கொள்ளும். சினை முற்றிய கருப்பையின் நாளங்களோ ஏற்கனவே முழுதும் விரிந்திருக்கின்றன. நிமிடத்திற்கு ஒரு லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் அவற்றின் வழியே ஓடுகிறது. மேற்கொண்டு விரிய இடமில்லாமையால், தாயின் அழுத்தம் எவ்வளவு தாழ்கிறதோ ஏறத்தாழ அவ்வளவிற்கு ஓட்டமும் தாழ்கிறது. வாய்க்கால் மட்டம் இறங்கினால் கடைமடை முதலில் வறள்வதுபோல, தாயின் அழுத்தம் இறங்கியதும் முதலில் வாடுவது குட்டி.

இங்கே மருந்தின் அளவு பற்றி 1974ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சிகள் நினைவுகூரத் தக்கவை. பலானியுக், ஷ்னைடர் ஆகியோர் ஹாலோதேன், ஐசோஃபுளுரேன் என்னும் ஆவி மருந்துகளைச் சினை ஆடுகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். மிதமான அளவில் தாயின் அழுத்தம் சிறிது தாழ்ந்தும் கருப்பையின் இரத்த ஓட்டம் நிலைத்திருந்தது. குட்டிக்குக் கேடு தோன்றவில்லை. அளவை இருமடங்காக்கியபோது ஓட்டம் சரிந்தது. குட்டியின் இரத்தத்தில் பிராணவாயு குறைந்து அமிலத்தன்மை மிகுந்தது. அதே ஆண்டில் அவர்களும் எகர் என்பவரும் மற்றோர் உண்மையையும் கண்டனர். சினை ஆட்டை மயக்கத் தேவையான மருந்தின் அளவு, சினையற்ற ஆட்டிற்குத் தேவையானதைவிட, மருந்திற்கேற்ப நூற்றுக்கு 25 முதல் 40 பங்கு வரை குறைவு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து விளங்கும். சாதாரண ஆட்டிற்குப் பழகிய கை, சினை ஆட்டிற்கும் அதே அளவைத் திறந்துவிட்டால், அறியாமலேயே கேடு விளைவிக்கும் எல்லையை நெருங்கிவிடுகிறது.

மூச்சைக் கருவியால் இயக்கும்போதும் மிகை தவிர்க்கப்பட வேண்டும். வேகமாகவும் ஆழமாகவும் காற்றை ஊதினால் தாயின் இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. அப்போது தாயின் செந்நிறப் பொருள் பிராணவாயுவை இறுகப் பிடித்துக்கொண்டு குட்டிக்கு விட்டுக்கொடுக்கத் தயங்குகிறது. மார்பினுள் ஏறும் அழுத்தம் இதயத்திற்குத் திரும்பும் இரத்தத்தையும் தடுக்கிறது. தாய்க்குத் தூய பிராணவாயுவைக் கொடுத்தால் குட்டிக்கும் நிறைந்துவிடும் என்று எண்ணுவதும் சரியன்று. தாயின் தமனியில் பிராணவாயுவின் அழுத்தம் 400 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தாலும் குட்டியின் தொப்புள் சிரையில் மிகச் சிறிதளவே உயர்கிறது. ஆட்டின் நஞ்சுக்கொடியில் குட்டியின் இரத்தம், கருப்பையை விட்டு வெளியேறும் தாயின் சிரை இரத்தத்தின் நிலையோடுதான் சமநிலை அடைகிறது. தமனி இரத்தத்தோடு அன்று. ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்கத்தக்க நல்ல கணக்கு இது.

குளிரும் ஒரு பகை. ஆட்டின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 39 பாகை. மயக்கத்தில் உடல் நடுங்கி வெப்பம் உண்டாக்குவதில்லை. மயிர் கத்தரித்து, வயிறு திறந்து, குளிர்ந்த நீர் நாளத்தின் வழியே ஏறுகிறது. வெதுநீர் ஓடும் விரிப்பும் வெப்பமூட்டிய திரவங்களும் இல்லாவிடில் சில மணி நேரத்தில் வெப்பம் இறங்கிவிடும். கருக்குட்டி தாயைவிட அரைப் பாகை அளவு வெப்பம் மிகுந்திருக்கும். அவ்வெப்பத்தைத் தாயினிடமே விடுகிறது. தாய் குளிர்ந்தால் குட்டியும் குளிரும்.

மயக்கம் போதுமா என்று அறிவது தனிக் கலை. கண்ணிமையைத் தொட்டால் சிமிட்டுகிறதா, தாடை இறுகியிருக்கிறதா, மெல்லவோ விழுங்கவோ முயல்கிறதா என்று பார்க்கின்றனர். மெல்லத் தொடங்கினால் மயக்கம் லேசாகிறது என்று பொருள். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுத்துவிட்டாலோ இவ்வடையாளங்கள் யாவும் மறைந்துவிடும். விலங்கு அசையாமற் கிடக்கும், ஆனால் அது உணர்கிறதா இல்லையா என்று கண்ணாற் கண்டு சொல்ல முடியாது. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் திடீரென உயர்வதே அப்போது சான்று. நன்கு மயங்கியது உறுதியானாலன்றி அத்தகைய மருந்தைத் தொடலாகாது என்பதில் அறிஞரிடையே இரு கருத்தில்லை.

பசுவும் பன்றியும்

பசுவில் இவ்விடர்கள் யாவும் பன்மடங்காகின்றன. அதன் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவுடையது. நானூறு ஐந்நூறு கிலோ எடை மணிக்கணக்கில் ஒரே பக்கம் கிடந்தால் அடியிலுள்ள தசைகளும் நரம்புகளும் நசுங்கி, தெளிந்தபின் பசு எழ முடியாமற் போகக்கூடும். இதனாலேயே கன்று எடுக்கும் அறுவையைக் கிராமங்களில் பசுவை நிற்கவைத்தே, விலாப்புறத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு நடத்துவது வழக்கம். கால்நடை மருத்துவர்கள் எளிதிற் கையாளும் சைலசின் என்னும் அமைதிமருந்து சினை முற்றிய பசுவின் கருப்பையை இறுகச் செய்து அதன் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. செம்மறியில் அதே மருந்து நுரையீரலில் நீர் கோத்துப் பிராணவாயு திடீரெனத் தாழவும் காரணமாகலாம். களப்பணியாளர் இதனை நினைவிற் கொள்வது நலம். அறுவைக்கூடத்தில் உள்ள பிராணவாயு உருளை மாட்டுக்கொட்டிலில் இருப்பதில்லை.

114 நாட்களில் ஈனும் பன்றி அசைபோடாத விலங்காதலால் உப்புசத் தொல்லை இல்லை. ஆனால் சில பன்றியினங்களில் ஹாலோதேன் போன்ற ஆவி மருந்துகள் உடல் வெப்பத்தைக் கட்டுக்கடங்காமல் உயர்த்திக் கொன்றுவிடும் பரம்பரைக் கோளாறு உண்டு.

இவ்வளவு இடர்ப்பட்டுக் கிடைத்தது

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மகப்பேறு மருத்துவராயிருந்த கிரகாம் லிக்கின்ஸ், பிறப்பைத் தொடங்கிவைப்பது தாயா குட்டியா என்னும் வினாவை எழுப்பினார். மயக்கத்தில் ஆட்டின் கருப்பையினுள் சென்று கருக்குட்டியின் பிட்யூட்டரி சுரப்பியை அழித்தபோது சினைக்காலம் கடந்தும் ஈற்று தொடங்கவில்லை. மாறாக, கருக்குட்டிக்குக் கார்ட்டிசால் வகை மருந்தைச் செலுத்தியபோது காலத்திற்கு முன்பே ஈற்று நிகழ்ந்தது. 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு சிறு செய்தியையும் அவர் குறித்தார். அவ்வளவு இளங்குட்டி பிறந்தவுடன் இறந்திருக்க வேண்டும். ஆனால் அது மூச்சுவிட்டது, அதன் நுரையீரலில் ஒரு பகுதி காற்றால் விரிந்திருந்தது. மருந்து நுரையீரலை முன்னதாகவே பழுக்கச் செய்துவிட்டது. அவரும் ஹவி என்பவரும் குறைமாதப் பேறு நேரக்கூடிய 282 தாய்மார்களிடம் பீட்டாமெத்தசோனை ஆராய்ந்து 1972ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மருந்து பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 9 பேருக்கும், பெறாதவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 25.8 பேருக்கும் மூச்சுத்திணறல் நோய் கண்டது. இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் குறைமாதப் பேறு நெருங்கும் தாய்க்குப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி இவ்வழியே வந்தது.

சினை ஆடுகளில் எபிட்ரினே கருப்பையின் ஓட்டத்தைக் கெடுக்காமல் அழுத்தத்தை உயர்த்துகிறது என்பது 1974இல் அறியப்பட்டது. அறுவைப் பேற்றின்போது தாய்மார்களுக்கு அம்மருந்தையே கொடுக்கும் வழக்கம் பல ஆண்டுகள் நிலவிற்று. பின்னர்ப் பெண்களிடமே செய்த ஆய்வுகளில், எபிட்ரின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் இரத்தத்தில் அமிலத்தன்மையை மிகுவிப்பதும், ஆட்டு ஆராய்ச்சியால் ஒதுக்கப்பட்ட வகையைச் சேர்ந்த ஃபீனைலெஃப்ரினே மேலானது என்பதும் தெரியவந்தன. முன்னே குறித்த இடறல் இதுவே. ஆடு பொய் சொல்லவில்லை. ஆட்டைப் பற்றிய உண்மையைச் சொல்லிற்று.

முதுகெலும்பு மூடாமற் பிறக்கும் குறையைக் கருப்பையிலேயே தைத்து மூடினால் கால்களின் வலுவைக் காக்கலாம் என்பதும் 1995ஆம் ஆண்டில் ஆடுகளில் காட்டப்பட்டது. 2011இல் வெளியான மனித ஆய்வும் அவ்வறுவையின் பயனை உறுதி செய்தது. பிலடெல்பியாவில் 2017ஆம் ஆண்டில், மிகக் குறைந்த சினைக்காலத்திலேயே அறுவையால் எடுத்த குட்டிகளை, செயற்கைப் பனிநீர் நிறைந்த பையில் தொப்புள்கொடியின் வழியே பிராணவாயு ஊட்டி நான்கு வாரம் வரை வாழவைத்தனர்.

குறைமாதக் குழந்தைக்கு உதவிய அதே ஆராய்ச்சி மரபு, மயக்கமருந்தே வளரும் மூளைக்குத் தீங்காகுமோ என்னும் ஐயத்தையும் எழுப்பியுள்ளது. சினையின் கடைசிப் பகுதியிலுள்ள பெண்களுக்கும் மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கும் மூன்று மணிக்கு மேற்பட்ட அல்லது மீண்டும் மீண்டும் தரும் மயக்கம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016 டிசம்பரில் எச்சரிக்கை விடுத்தது. எட்டு மணி மயக்கத்தில் கிடந்த ஆட்டின் குட்டியில் மூளையை ஆராய்பவர், காணும் மாற்றம் தம் சோதனையால் வந்ததா மயக்கத்தால் வந்ததா என்று பிரித்தறிய, மயக்கம் மட்டும் பெற்ற ஆடுகளையும் ஒப்புக்கு வைத்தாக வேண்டும்.

சட்டமும் பாதுகாப்பும்

கருக்குட்டி வலியை உணருமா? கருப்பையினுள் அடினோசின் முதலிய பொருள்களும் குறைந்த பிராணவாயுவும் குட்டியை ஒருவகை உறக்கத்திலேயே வைத்திருக்கின்றன என்று நியூசிலாந்து அறிஞர் சிலர் வாதிடுகின்றனர். வழக்கு முடிந்துவிடவில்லை. குட்டியின்மேல் கத்தி வைக்குமுன் தாயின் மயக்கத்தோடு குட்டிக்கும் தனியே வலியகற்றும் மருந்து செலுத்துவதால் இழப்பதொன்றுமில்லை.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இத்தகைய சோதனைகளுக்கு வரையறை வகுத்துள்ளது. அறுவையோடு கூடிய சோதனைகள் இயன்றவரை வலியை உணராதபடி போதிய மயக்கத்தில் நடைபெற வேண்டும்; பிழைத்தால் கடுந்துன்பம் அடையக்கூடிய அளவிற்குக் காயமுற்ற விலங்கை மயக்கம் தெளியுமுன்னரே முடித்துவிட வேண்டும்; சிறு விலங்கில் செய்யக்கூடியதைப் பெரிய விலங்கில் செய்யலாகாது; கைத்திறன் பெறுவதற்கென்று மட்டும் சோதனை செய்யலாகாது. நூல்களும் மாதிரிகளும் படங்களும் போதுமான இடத்தில், கல்லூரி போன்ற நிலையங்களில் விலங்கைப் பயன்படுத்துவதை விலக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆசிரியர்கள் இவ்வொன்றை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

ஆட்டிற்கு மட்டுமன்றிப் பணியாளருக்கும் காப்பு வேண்டும். சினை ஆட்டின் பனிநீரிலும் நஞ்சுக்கொடியிலும் காக்சியெல்லா என்னும் நுண்கிருமி ஏராளமாக இருக்கக்கூடும். அது காற்றில் பரவி மனிதருக்குக் கியூ காய்ச்சலைத் தருகிறது. வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையங்களில் சினை ஆடுகளால் இந்நோய் பரவிய நிகழ்ச்சிகள் பல பதிவாகியுள்ளன. ஆடுகளைத் தொடாமல் அதே கட்டிடத்தில் பணியாற்றியவர்களும் நோயுற்றனர். இதய வால்வில் குறையுள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இப்பணியில் ஈடுபடாதிருப்பது நன்று. ஈற்று பார்க்கும் களப்பணியாளர் கையுறையும் முகமூடியும் அணிவதும், நஞ்சுக்கொடியை நாய்க்கு எறியாமல் ஆழப் புதைப்பதும் இக்காரணம் பற்றியே.

அறுவை முடிந்ததும் ஆவி மருந்தை நிறுத்தி, ஆட்டை நெஞ்சின்மேல் நிமிர்ந்து அமருமாறு இருபுறமும் வைக்கோல் அணைகொடுத்து வைக்கின்றனர். விழுங்கும் அசைவு திரும்பிய பின்னரே மூச்சுக்குழாயிலிருந்து இரப்பர்க் குழாய் எடுக்கப்படுகிறது. வலியகற்றும் மருந்து தொடர்கிறது. செம்மறி தனித்திருந்தால் கலவரமடையும்; கலவரத்தில் சுரக்கும் அட்ரினலின் கருப்பையின் நாளங்களைச் சுருக்கும்; ஆகவே அடுத்த அடைப்பில் பழகிய ஆடொன்று கண்ணிற்படும்படி நிறுத்தப்படுகிறது. ஆடு எழுந்து நின்று தழையைக் கடித்து அசைபோடத் தொடங்கும் வரை குழாயில் எடுக்கும் அளவுகள் ஏட்டில் ஏறினாலும் கணக்கிற் சேர்க்கப்படுவதில்லை. அதற்கு மூன்று நாளாகலாம், ஐந்து நாளுமாகலாம். விலாப்புறத்துப் பையிலிருந்து குழாயின் நுனியை எடுத்து, ஆடு தலை திருப்பாத வகையில் சில துளி இரத்தத்தை உறிஞ்சி, கருக்குட்டியின் முதல் மெய்யான அளவை அதன் பின்னரே எழுதுகின்றனர்.